கிளம்பியவுடன் அணைந்துவிடும் மோட்டார் சைக்கிள்

காஞ்சிபுரம் மாவட்டம் ஸ்ரீபெரும்புதூர் வட்டத்தில், ஒரகடத்துக்கு அருகே உள்ள ஊர் வல்லம் வடகால். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதி இன்று சிப்காட் தொழிற்பூங்காவாக மாறிவிட்டது. மோட்டார் சைக்கிள் ஆர்வலர்களுக்கு இந்த ஊர்ப் பெயர் புதியதன்று. 2015இல் யமஹா நிறுவனமும், 2017இல் ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் இங்கே தம் ஆலைகளைத் தொடங்கின. ஓர் ஊரின் எல்லைக்குள் இரண்டு மோட்டார் சைக்கிள் ஆலைகள்!

ஆலைக்குள்ளே புத்தம் புது வண்டிகள் வரிசையாக உருவாகின்றன. ஆலைக்கு வேலைக்கு வருகிறவர்களோ பெரும்பாலும் பல ஆண்டுகள் ஓடிய பழைய வண்டிகளில் வருகிறார்கள். மார்கழி, தை மாதங்களில் காலை ஷிப்டுக்குப் புறப்படும் நேரத்தில், சுற்றுவட்டாரத் தெருக்களில் ஓர் ஒலியைக் கேட்கலாம். கிக்கரை உதைக்கிறார்கள், எஞ்சின் நாலைந்து முறை துடிக்கிறது, அப்புறம் அடங்கிவிடுகிறது. மறுபடியும் உதை, மறுபடியும் துடிப்பு, மறுபடியும் அமைதி.

இது வெறும் எரிச்சலூட்டும் தொல்லை மட்டுமன்று. பத்து நிமிடம் தாமதமானால் ஷிப்டு நேரம் தவறிவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அரைகுறையாகச் சூடான எஞ்சினோடு சிங்கப்பெருமாள் கோயில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையை ஒருவர் குறுக்கே கடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கன்டெய்னர் லாரிகள் விரையும் அந்தச் சாலையின் நடுவில் எஞ்சின் அணைந்துவிட்டால் என்ன ஆகும்?

இந்த நோயில் ஒரு விந்தை இருக்கிறது. மெக்கானிக் கடை வரையில் ஓட்டிக்கொண்டு போவதற்குள் எஞ்சின் சூடாகிவிடுகிறது. நோயும் மறைந்துவிடுகிறது! “வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது?” என்பார் மெக்கானிக். ஆகையால், காலையில் வண்டி எப்படி அணைந்தது என்பதைக் கவனித்துச் சொல்லவேண்டிய பொறுப்பு வண்டிக்காரருடையது. எதைக் கவனிப்பது என்று தெரிய வேண்டுமானால், எஞ்சினுக்குள் நிகழ்வது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

பம்ப் ஸ்டவ் சொல்லும் பாடம்

இன்று அரிதாகிவிட்ட பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்துப் பழகியவர்கள் நம் வீடுகளில் இன்னும் இருப்பார்கள். முதலில் பர்னருக்குக் கீழே உள்ள சிறு கிண்ணத்தில் ஸ்பிரிட்டையோ மண்ணெண்ணெயையோ விட்டுக் கொளுத்துவார்கள். பர்னர் நன்றாகக் காய்ந்த பிறகுதான் பம்ப் அடிப்பார்கள். அவசரப்பட்டு முன்னதாகவே அடித்தால், நீலச் சுடர் வராது. மண்ணெண்ணெய் திரவமாகவே பீய்ச்சி, மஞ்சள் தழல் கூரையைத் தொடும்.

காரணம் எளியது. திரவம் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகி, காற்றுடன் தக்க அளவில் கலந்த பின்னரே எரிகிறது. பெட்ரோலும் இந்த விதிக்கு உட்பட்டதே. காற்றில் பெட்ரோல் ஆவி, பரும அளவில், ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் குறைந்தாலும் தீப்பற்றாது, 7.6 சதவீதத்தை மிஞ்சினாலும் தீப்பற்றாது. எடைக் கணக்கில் சொன்னால், 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிவதற்குச் சுமார் 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் இதைவிடக் குறைவாக இருந்தால் அது ‘மெலிந்த கலவை’; மிகுதியாக இருந்தால் ‘செறிந்த கலவை’.

காற்றையும் பெட்ரோலையும் இந்த அளவில் கலந்து கொடுப்பதே கார்புரேட்டரின் வேலை. எஞ்சின் உறிஞ்சும் காற்று ஒரு குறுகிய தொண்டை வழியே விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. கீழே உள்ள கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ஜெட் எனப்படும் நுண்துளை வழியே மேலெழுந்து, தூறலாகக் காற்றில் கலக்கிறது. கவனியுங்கள்: கார்புரேட்டர் அளந்து கொடுப்பது தூறலைத்தான், ஆவியை அன்று. தூறல் ஆவியாக மாறுவது வெப்பத்தின் வேலை. சூடான எஞ்சினில் அந்த வெப்பத்துக்குக் குறைவில்லை. குளிர்ந்த எஞ்சினில்தான் சிக்கல் தொடங்குகிறது.

குளிர் செய்யும் கேடுகள்

“நம் ஊரில் என்ன பெரிய குளிர்?” என்று கேட்கலாம். சென்னையைச் சுற்றிய சமவெளிகளில் மார்கழி விடியலில் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். நமக்கு அது இதமான குளிர், பெட்ரோலுக்கு அப்படியன்று. பெட்ரோல் ஒரே பொருளால் ஆனதன்று. பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. அவற்றுள் இலேசானவை 35–40 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். கனமானவை கொதிக்க 200 டிகிரி வரையில் வேண்டும். 20 டிகிரியில் விரைந்து ஆவியாவது இலேசான பகுதி மட்டுமே. மீதி, குளிர்ந்த குழாய்ச் சுவரிலும் சிலிண்டர் சுவரிலும் ஈரமாக ஒட்டிக்கொள்ளும்.

ஆவியாவதற்குக் கிடைக்கும் நேரமும் மிகச் சிறிது. எஞ்சின் நிமிடத்துக்கு 1,200 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கிக் கலவையை உறிஞ்ச எடுத்துக்கொள்ளும் நேரம், ஒரு விநாடியில் 40இல் ஒரு பங்கு! இதற்குள் தூறல் ஆவியாக வேண்டும்.

இன்னொரு கேடும் உண்டு. திரவம் ஆவியாகும்போது தன்னைச் சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஊசி போடுமுன் தோலில் ஸ்பிரிட் தடவினால் சில்லென்று இருப்பது இதனால்தான். பெட்ரோல் ஆவியாக ஆவியாகக் கார்புரேட்டரின் தொண்டை மேலும் குளிர்ந்துபோகிறது. சிறிய விமானங்களின் எஞ்சின்களில், வெளிக்காற்று 20 டிகிரியாக இருக்கும்போதும் ஈரப்பதம் மிகுந்தால் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி படிவதுண்டு. அதைத் தடுக்கக் கார்புரேட்டருக்குச் சூடான காற்றை அனுப்பும் விசை விமானியின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

இவற்றோடு எஞ்சின் ஆயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரவு முழுதும் குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருக்கிறது. பிஸ்டனும் கியர்களும் அதைக் கிழித்துக்கொண்டு அசைய அதிக ஆற்றல் வேண்டும். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பு நிகழும். 1,200 சுற்றில் விநாடிக்கு 10 வெடிப்புகள். ஒன்று தவறினால் சுழல்சக்கரத்தின் உந்தம் சமாளித்துவிடும். தொடர்ந்து நாலைந்து தவறினால் சேமித்த ஆற்றல் தீர்ந்து, எஞ்சின் நின்றுவிடும்.

ஆக, குளிர்ந்த எஞ்சின் அணைவதற்குப் பெரும்பாலும் காரணம் பட்டினிதான். பெட்ரோல் வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் எரியக்கூடிய உருவில் வரவில்லை.

சோக்கும் அதன் இரு வகைகளும்

இந்தப் பட்டினிக்கு மருந்து, தேவைக்கு மேலே பெட்ரோலைக் கொடுப்பது. இயல்பான அளவைப்போல் இரண்டு மூன்று மடங்கு கொடுத்தால், அதில் ஆவியாகும் இலேசான பகுதியே எரிவதற்குப் போதுமானதாகிவிடும். இதைத்தான் சோக் செய்கிறது.

சோக்கில் இரு வகை உண்டு. முதல் வகையில், கார்புரேட்டரின் வாயில் ஒரு தகடு காற்றை மறிக்கிறது. காற்று குறைவதால் உறிஞ்சும் விசை கூடி, பெட்ரோல் மிகுதியாக எழும்புகிறது. இரண்டாம் வகை காற்றை மறிப்பதில்லை. லீவரை இழுத்தால் ஒரு சிறு முளை மேலெழுந்து, கூடுதல் பெட்ரோலுக்கென்றே அமைந்த தனிப்பாதையைத் திறந்துவிடுகிறது.

இரண்டாம் வகையில் ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தத் தனிப்பாதை, ஆக்சிலரேட்டர் மூடியிருக்கும்போது தோன்றும் வலுவான உறிஞ்சு விசையால்தான் வேலை செய்கிறது. கிக்கரை உதைக்கும்போது ஆக்சிலரேட்டரையும் சேர்த்து முறுக்கினால் அந்த விசை குறைந்துவிடும். சோக் போட்டும் பயனில்லாமல் போகும். “சோக் போட்டேன், ஆக்சிலரேட்டரும் கொடுத்தேன், அப்படியும் அணைந்துவிட்டது” என்பவர்கள், மறுநாள் ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளப்பிப் பார்க்கலாம். பல வண்டிகளில் குறை அத்தோடு தீர்ந்துவிடும்.

சோக்கை நெடுநேரம் விட்டு வைப்பதும் தவறு. ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிவிடும். கீழிறங்கி எஞ்சின் ஆயிலையும் நீர்க்கச் செய்யும். பிளக்கில் கரி படியும். நம் சமவெளிகளின் குளிருக்கு ஓரிரு நிமிடங்களில் சோக்கைத் தள்ளிவிட முடிய வேண்டும். முடியவில்லையானால் குற்றம் குளிர் மேல் இல்லை. வேறு எங்கோ இருக்கிறது.

புல்லட் கற்றுத் தந்த ஒழுங்கு

குளிர்ந்த எஞ்சினை ஒழுங்காகக் கிளப்பும் கலையைத் தமிழ்நாட்டில் பலருக்குக் கற்பித்தது புல்லட் வண்டி. 1955இல், இங்கிலாந்தின் ரெட்டிச் நகரிலிருந்த என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’வை அமைத்தன. திருவொற்றியூர் ஆலையில், தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டி 350 சி.சி. புல்லட்டை உருவாக்கினார்கள், பின்னர் பாகங்களும் இங்கேயே செய்யப்பட்டன. அந்த மரபில் 2013இல் ஒரகடத்திலும், 2017இல் வல்லம் வடகாலிலும் புதிய ஆலைகள் எழுந்தன.

மின்விசையால் கிளப்பும் வசதி வருமுன், பழைய புல்லட்டைக் கிளப்புவது ஒரு சடங்கு போலவே நடக்கும். முதலில் பெட்ரோல் குழாயைத் திறந்து, சோக் போட வேண்டும். சாவியைத் திருப்பி, கிக்கரை மெல்ல அழுத்தினால் அம்மீட்டரின் முள் அசையும். பிளாட்டினம் பாயின்ட் மூடியிருக்கையில் மின்சாரம் ஓடுவதால் முள் ஒரு புறம் சாய்கிறது; திறக்கும்போது நடுவுக்கு வருகிறது. பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். அப்போது டிகம்ப்ரஸர் லீவரை இழுத்து, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றி, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் தள்ளுவார்கள். பிறகு லீவரை விட்டுவிட்டு ஒரே முழு உதை. இப்படிச் செய்தால் அடுத்த அழுத்த வீச்சு வருவதற்குள் சுழல்சக்கரம் வேகம் பிடித்துவிடும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கிளப்புமுன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு மூன்று முறை கிக்கரை உதைப்பார்கள். குளிர்ந்த ஆயிலால் ஒட்டிக்கொண்ட கிளட்ச் தட்டுகள் இதனால் பிரியும். பிரியாவிட்டால், முதல் கியர் போட்ட கணமே வண்டி முன்னே துள்ளி அணைந்துவிடும். இப்படி அணைந்தால் கார்புரேட்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. பழைய வண்டிக்காரர்களின் சடங்குகள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஓர் இயற்பியல் காரணம் இருந்தது.

அணையும் விதத்தைக் கவனியுங்கள்

இனி நோய் அறியும் முறைக்கு வருவோம். ‘கிளம்பவே இல்லை’ என்பதும் ‘கிளம்பி அணைந்துவிட்டது’ என்பதும் வேறு வேறு நோய்கள். நாலு துடிப்பு துடித்த எஞ்சின் சில உண்மைகளைச் சொல்லிவிட்டது: மின்பொறி வருகிறது, அழுத்தம் இருக்கிறது, ஓரளவு பெட்ரோலும் வந்திருக்கிறது. ஆகவே குறை பெரும்பாலும் கலவையின் அளவில் இருக்கிறது. அது மெலிந்ததா, செறிந்ததா என்பதே முதற் கேள்வி.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சின் தள்ளாடும்போது சோக்கைச் சிறிது கூட்டிப் பாருங்கள். எஞ்சின் நிமிர்ந்தால் கலவை மெலிந்திருந்தது என்று பொருள். மாறாக, சோக்கைக் குறைத்தபோது நிமிர்ந்தால் கலவை மிகச் செறிந்திருந்தது. சைலன்சரில் கரும்புகையும் பெட்ரோல் நெடியும் வருவதும் செறிவுக்கு அடையாளம்.

அணையும் நேரமும் ஒரு சான்று. சோக் உள்ளவரை ஓடி, பல நிமிடம் ஆன பின்னும் சோக்கைத் தள்ளியதும் அணைந்தால், பைலட் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது காற்று எங்கோ திருட்டுத்தனமாக நுழையலாம். நன்றாக நாலைந்து நிமிடம் ஓடியபின் அணைந்து, சற்று நேரம் கழித்துக் கிளம்பினால், டாங்க் மூடியில் உள்ள காற்றுத் துளையைப் பாருங்கள். அது அடைத்திருந்தால், பெட்ரோல் இறங்க இறங்க டாங்க்குக்குள் வெற்றிடம் தோன்றி, பெட்ரோல் வருவது நின்றுவிடும். மூடியைத் திறந்ததும் ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. புதிய வண்டிகள் பலவற்றில், சைடு ஸ்டாண்டை மடக்காமல் கியர் போட்டால் எஞ்சின் தானே அணையும்படி அமைத்திருக்கிறார்கள். அது நோயன்று, காவல்.

எளியதிலிருந்து கடினத்துக்கு

சோதனைகளைச் செலவு குறைந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

1. பெட்ரோல். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் இலேசான பகுதி ஆவியாகிப் போயிருக்கும். குளிரில் தீப்பிடிக்க உதவுவதே அந்தப் பகுதிதான். பழையதை வடித்துவிட்டுப் புதிய பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்.

2. சோக். லீவர் அசைந்தால் போதாது. கார்புரேட்டர் முனையில் முளையோ தகடோ முழுதாக அசைகிறதா? கேபிள் துருப்பிடித்துப் பாதியில் நின்றிருக்கலாம்.

3. ஏர் பில்டர். லாரிகள் கிளப்பும் புழுதியில் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இது விரைவில் அடைத்துக்கொள்ளும். காற்று குறைந்தால் கலவை செறியும்.

4. பிளக். கழற்றி நிறத்தைப் பாருங்கள். இளம் பழுப்பு நலத்தின் அடையாளம். உலர்ந்த கரிப்படிவு செறிந்த கலவையைக் காட்டும். வெளுப்பு மெலிந்த கலவையைக் காட்டும். பெட்ரோல் ஈரம், எரியாமல் போனதைக் காட்டும். பிளக்கின் முனை சுமார் 450 டிகிரிக்கு மேல் சூடானால்தான் தன் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். வீட்டிலிருந்து ஆலைக்கு இரண்டு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியின் பிளக்கில் கரி சேர்வதற்குக் காரணம் இதுவே. முனைகளின் இடைவெளி, வண்டியின் கையேட்டில் சொன்னபடி இருக்க வேண்டும்.

5. கார்புரேட்டர் கிண்ணம். எஞ்சின் ஆறியிருக்கும்போது, அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, ஒரு கண்ணாடிக் குப்பியில் பெட்ரோலை வடியுங்கள். அடியில் முத்து முத்தாக உருள்வது நீர்; செந்நிறத் துகள்கள் டாங்க்கின் துரு.

6. பைலட் ஜெட். ஆக்சிலரேட்டர் மூடிய நிலையில் எஞ்சினுக்கு உணவு இந்த ஜெட் வழியாகவே வருகிறது. அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இராது. பெட்ரோல் உலர்ந்து விட்டுப்போகும் பிசின் அதை எளிதில் அடைத்துவிடும். சூடான எஞ்சின் பாதி அடைப்பைச் சகித்துக்கொள்ளும். குளிர்ந்த எஞ்சின் சகிக்காது. அடைப்பை நீக்கக் கம்பியைக் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிட்டால் அளவே கெட்டுவிடும். கார்புரேட்டர் கழுவும் திரவத்தில் ஊறவைத்து, காற்றடித்துச் சுத்தம் செய்வதே முறை.

7. காற்றுக் கசிவு. கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையேயுள்ள ரப்பர் இணைப்பு நாளடைவில் வெடித்துவிடும். எஞ்சின் ஓடும்போது அங்கே சில துளி சோப்பு நீரைத் தெளித்துப் பாருங்கள். எஞ்சினின் ஓட்டம் மாறினால் கசிவு இருக்கிறது.

8. வால்வு இடைவெளி. இது மிகக் குறைந்துபோனால் வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசியும். குளிர்ந்த நிலையில் அளக்கவேண்டிய இதை மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது.

பலர் இத்தனையும் விட்டுவிட்டு ஐடிலிங் திருகை முறுக்கி வைத்துவிடுகிறார்கள். காலையில் வண்டி அணையாது, உண்மைதான். ஆனால் சூடானபின் எஞ்சின் வீணாக உறுமும், பெட்ரோல் கரையும், கியர் போடும்போது வண்டி துள்ளும். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காமல் தெர்மாமீட்டரைத் திருத்துவது போன்றது இது. ஐடிலிங்கை எஞ்சின் நன்றாகச் சூடான பிறகே சரிசெய்ய வேண்டும்.

சோக் இல்லாத வண்டிகள்

2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 மாசு விதிகள் நடைமுறைக்கு வந்தபின், பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளை உட்செலுத்தும் கருவி இடம்பெற்றது. இதில் சோக்கின் வேலையை ஒரு சிறிய கம்ப்யூட்டர் செய்கிறது. எஞ்சினில் பொருத்திய வெப்ப உணர்வி அதற்குக் கண். குளிரில் இதன் மின்தடை மிகுதி, சூட்டில் குறைவு. தடையை அளந்து, எஞ்சின் குளிர்ந்திருப்பதை அறிந்த கம்ப்யூட்டர், பெட்ரோல் பீய்ச்சும் நேரத்தைச் சற்று நீட்டிக்கிறது. உணர்வி பழுதானால் குளிர்ந்த எஞ்சினைச் சூடானதென்று தவறாகக் கருதிவிடும். பழைய பட்டினி திரும்பிவிடும்.

இத்தகைய வண்டியில் சாவியைத் திருப்பியதும் இரண்டு மூன்று விநாடி பொறுக்க வேண்டும். டாங்க்கிலுள்ள பம்ப் ‘ம்ம்’ என்று முனகி அழுத்தம் ஏற்றும் ஒலி அடங்கியபின், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளப்ப வேண்டும். பம்ப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் உயிர் பாட்டரியே. ஆகவே இங்கே முதற் சோதனை பாட்டரி. முழுதும் ஏற்றிய பாட்டரி ஓய்வில் 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், கருவி கொண்டு பிழைக் குறியைப் படிக்கும் ஒர்க்‌ஷாப்புக்குப் போவதே வழி.

எத்தனால் கலந்த பெட்ரோல்

பழைய வண்டி வைத்திருப்போர் அறியவேண்டிய புதிய செய்தியும் உண்டு. இந்தியாவில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பது 2022இல் 10 சதவீதத்தையும், 2025இல் 20 சதவீதத்தையும் எட்டியது. எத்தனாலின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருப்பதால், அது எரியக் காற்று குறைவாகவே வேண்டும். தனி எத்தனாலுக்கு 9 பங்கு காற்றே போதும். 20 சதவீதக் கலவைக்குக் கணக்கிட்டால், 14.7 என்ற அளவு சுமார் 13.5 ஆகக் குறைகிறது. பழைய கார்புரேட்டரின் ஜெட்களோ பழைய அளவுக்கே துளையிடப்பட்டவை. விளைவு, கலவை சற்று மெலிகிறது. ஏற்கெனவே பைலட் ஜெட்டில் பாதி அடைப்புள்ள வண்டிக்கு அந்தச் சிறிய மெலிவே போதும், காலையில் அணைவதற்கு.

எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு வெப்பமும் வேண்டும். பிரேசிலில் தனி எத்தனாலில் ஓடக்கூடிய கார்களில், குளிர்நாளில் கிளப்புவதற்கென்றே ஒரு சிறு பெட்ரோல் டாங்க் தனியாக வைத்தார்கள். மேலும், எத்தனால் நீரை ஈர்க்கும். நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் ஒன்றுசேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். மழைக்காலம் முடிந்து வரும் மார்கழியில் கார்புரேட்டர் கிண்ணத்தை ஒருமுறை வடித்துப் பார்ப்பது நலம்.

இரண்டு எச்சரிக்கைகள்

செறிந்த கலவை அரைகுறையாக எரியும்போது கார்பன் மோனாக்சைடு மிகுதியாக வெளிவரும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பற்றிக்கொள்ளும் நச்சு அது. வாடகை வீடுகளின் நடையிலும், ஆட்கள் தூங்கும் அறையை ஒட்டியும் வண்டியை நிறுத்தி, சோக் போட்டு எஞ்சினைச் சூடாக்குவது உயிரோடு விளையாடுவதாகும். வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளி வந்தே கிளப்புங்கள். பெட்ரோலை வடிக்கும் இடத்தில் பீடியோ, விளக்கோ, மின்பொறியோ கூடாது என்பது இரண்டாவது.

ஒரு நாளைக்கு ஒரு சோதனை

மாணவர்களுக்கு இதில் ஓர் அறிவியல் பயிற்சியே அடங்கியிருக்கிறது. ‘குளிர்ந்த எஞ்சின்’ என்னும் நிலை ஒரு நாளைக்கு ஒரே ஒரு முறைதான் கிடைக்கும். கிளம்பிச் சூடாகிவிட்டால், மறுபடி சோதிக்க அடுத்த விடியல் வரை காத்திருக்க வேண்டும். ஒரே இரவில் பிளக்கை மாற்றி, ஜெட்டைக் கழுவி, பெட்ரோலையும் மாற்றிவிட்டால், காலையில் வண்டி நன்றாக ஓடினாலும், எது குணப்படுத்தியது என்று தெரியாது. நோய் திரும்பி வந்தால் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதுதான்.

ஆகையால் ஒரு காலைக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். ஒரு சிறிய நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: எத்தனை உதையில் கிளம்பியது, எத்தனை விநாடி ஓடியது, சோக்கைக் கூட்டியபோது என்ன ஆயிற்று, புகை என்ன நிறம். ஒரு வாரக் குறிப்போடு மெக்கானிக்கிடம் போனால், வண்டி சூடாக இருந்தாலும் அவர் நோயைக் கண்டுபிடித்துவிடுவார். அப்படியும் பிடிபடவில்லையா? வண்டியை இரவு அவர் கடையிலேயே நிறுத்திவிட்டு, மறுநாள் காலையில் முதல் உதையை அவரையே உதைக்கச் சொல்லுங்கள்.